ரெயில் காண்டிராக்டர் கப்பல் முதலாளி ஆன கதை

வால்சந்த் ஹீராசந்த் வாழ்க்கை

தாதரில் சென்னை ரெயில் ஏறுகிறவர்களுக்குக் கர்ஜத் ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். அங்கே வண்டி நிற்கும். பின்பக்கம் கூடுதல் என்ஜின்களை மாட்டுவார்கள். வடா வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டி மலை ஏறத் தொடங்கிவிடும். அதன்பிறகு லோனாவாலா வரை குகைக்கு மேல் குகை. போர்காட் என்று பெயர் பெற்ற இந்த மலைப்பாதையில் குகைகள் குடைந்த காண்டிராக்டர்களில் ஒருவர், பிற்காலத்தில் இந்தியாவின் கப்பல் தொழிலுக்கே தலைமகனாக விளங்கினார். அவர் பெயர் வால்சந்த் ஹீராசந்த்.

முலுண்டு, காட்கோபர் பக்கம் ஆள் உயரத்துக்குப் பருத்துக் கிடக்கும் குடிதண்ணீர் குழாய்களைப் பார்க்காத மும்பை தமிழர் இருக்க முடியாது. தான்சா ஏரியில் இருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய் பதித்த வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நாடு அவரை நினைப்பது ரெயிலுக்காகவோ தண்ணீருக்காகவோ அல்ல. கப்பலுக்காகத்தான்.

சோலாப்பூர் பையன்

வால்சந்த் 1882-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்தில் இருந்து பிழைப்புக்காக வந்து மராட்டிய மண்ணில் வேர் விட்ட சமணக் குடும்பம். தந்தை ஹீராசந்த் பருத்தி வியாபாரமும் வட்டிக்கடையும் நடத்தினார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார் வால்சந்த்.

பம்பாய் சேவியர் கல்லூரியிலும் புனா டெக்கான் கல்லூரியிலும் படித்தார். படிப்பை முடிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குக் கவலை. கல்லூரியும் இல்லை, கடையும் இல்லை என்றால் இவன் என்னதான் செய்யப் போகிறான் என்று கேட்காத பெற்றோர் எந்தக் காலத்தில் இருந்தார்கள்?

அப்போதுதான் லட்சுமணராவ் பாட்டக் என்பவரோடு பழக்கம் ஏற்பட்டது. இவர் முன்னாள் ரெயில்வே குமாஸ்தா. குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு ரெயில் பாதை காண்டிராக்டு எடுக்கத் துணிந்தவர். பாட்டக்கிடம் வேலை தெரிந்த மூளை இருந்தது, முதல் இல்லை. வால்சந்துக்கு வீட்டில் பணம் இருந்தது, வேலை தெரியாது. இரண்டு பேரும் கூட்டு சேர்ந்தார்கள்.

1903-ம் ஆண்டு பார்சி லைட் ரெயில்வே பாதையில் இவர்களுக்கு வேலை கிடைத்தது. 2 அடி 6 அங்குல அகலம் உள்ள சிறு பாதை. குருதுவாடி பக்கம் வேலை பார்த்த பழைய ரெயில்வே ஊழியர்களுக்கு இந்தக் குட்டி ரெயில் நினைவில் இருக்கும். மண் வெட்டுவது, கல் உடைப்பது, கூலி ஆட்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்வது, என்ஜினீயர் துரையிடம் பில் பாஸ் செய்து வாங்குவது எல்லாவற்றையும் வால்சந்த் அங்கே படித்துக்கொண்டார். கல்லூரியில் வராத படிப்பு கரம்பைக் காட்டில் வந்தது.

அதன்பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போர்காட் குகைகள், தான்சா குழாய், சிந்து நதியில் காலாபாக் பாலம் என்று வேலைகள் பெருகின. பெரிய கட்டுமானக் கம்பெனிகள் அவர் கைக்கு வந்தன. 1926-ல் தோன்றிய இந்துஸ்தான் கன்ஸ்டிரக்ஷன் கம்பெனி இன்றும் நாடு முழுவதும் அணையும் பாலமும் கட்டி வருகிறது.

ரெயில் பயணத்தில் கிடைத்த கப்பல்

முதல் உலக யுத்தம் முடிந்த நேரம். 1919-ம் ஆண்டு தொடக்கத்தில் வால்சந்த் டெல்லியில் இருந்து பம்பாய்க்கு ரெயிலில் வந்துகொண்டிருந்தார். வழியில் அறிமுகமான வெள்ளைக்காரர் ஒருவரைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் ஒரு செய்தி வந்து விழுந்தது. குவாலியர் மகாராஜாவிடம் ஒரு கப்பல் இருக்கிறது, அது விலைக்கு வருகிறது என்பதே அந்தச் செய்தி.

கப்பலின் பெயர் லாயல்டி. 1891-ல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. எம்ப்ரஸ் ஆப் இந்தியா என்ற பெயரில் பசிபிக் கடலில் கனடா கம்பெனிக்காக ஓடியது. யுத்தம் வந்ததும் குவாலியர் மகாராஜா அதை வாங்கி, பெயர் மாற்றி, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி கப்பலாக ஆக்கினார். யுத்தம் முடிந்தது. ஆஸ்பத்திரி கப்பலுக்கு வேலை இல்லை.

ரெயில் பாதை போட்டவருக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் யுத்த காலத்தில் சரக்கு ஏற்றக் கப்பல் கிடைக்காமல் வியாபாரிகள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ் ஆகிய பம்பாய் பிரமுகர்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டு கப்பலை வாங்கினார். 1919-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி கம்பெனி பதிவு ஆனது. கப்பலை விற்ற அரச குடும்பத்தின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்கள். சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்று அதற்குப் பெயர்.

ஒன்பதே நாள் கழித்து, ஏப்ரல் 5-ந்தேதி, லாயல்டி பம்பாயில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. 28 வயது ஆன கிழட்டுக் கப்பல். என்றாலும் இந்தியர் கம்பெனி ஒன்றின் நீராவிக் கப்பல் சீமைக்குக் கிளம்பியதே அன்று பெரிய அதிசயம். 1964-ல் இருந்து ஏப்ரல் 5 தேசிய கடல்வாணிப தினமாகக் கொண்டாடப்படுவது இந்தப் பயணத்தை வைத்துத்தான்.

கப்பல் நெடுநாள் உழைக்கவில்லை. வேகத்துக்காகக் கட்டிய பயணிகள் கப்பலை வைத்து வியாபாரம் செய்வது கட்டுப்படியாகவில்லை. 1921-ல் பம்பாயில் நிறுத்திவிட்டார்கள். 1923-ல் பழைய இரும்பு விலைக்குப் போனது. ஆனால் அதற்குள் கம்பெனி வேறு சரக்குக் கப்பல்களை வாங்கி நிலைத்துவிட்டது.

கட்டணச் சண்டை

கடலில் அன்று ராஜாவாக இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. நமது தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்குப் போன ரஜூலா கப்பல் இந்தக் கம்பெனியின் கப்பல்தான். 1914-ல் இது பி அண்டு ஓ கம்பெனியோடு சேர்ந்தது. இரண்டுக்கும் தலைவர் இஞ்ச்கேப் பிரபு. வைஸ்ராய் மாளிகையில் அவருக்கு இருந்த செல்வாக்கு சாதாரணமானது அல்ல.

இந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்கு வ.உ. சிதம்பரம் பிள்ளை நினைவுக்கு வருவார். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து கொழும்புக்கு விட்டார். பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது.

வால்சந்த் கூட்டாளிகள் எதிர்கொண்டதும் அதே எதிரியை, அதே ஆயுதத்தைத்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. தூத்துக்குடியில் கொடுத்தது பெரும்பாலும் சிறு வியாபாரிகளின் பணம். பம்பாயில் கொடுத்தது மில் முதலாளிகளும் பருத்தி வியாபாரிகளும். அடி வாங்கித் தாங்கும் சக்தி இவர்களுக்கு இருந்தது. துணிச்சலில் சிதம்பரம் பிள்ளைக்கு யாரும் குறைவு சொல்ல முடியாது. அவரைக் கவிழ்த்தது கஜானா இல்லாத குறையும், சர்க்காரின் கோபமும்தான்.

கட்டணச் சண்டை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பர்மா அன்று இந்தியாவோடு சேர்ந்து இருந்தது. ரங்கூனில் இருந்து அரிசியும் தேக்கும், கல்கத்தாவில் இருந்து நிலக்கரியும் கப்பலில்தான் பம்பாய்க்கு வரும். டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை. சிந்தியா கப்பல் போகும் பாதையில் எல்லாம் பி.ஐ. கம்பெனி வாடகையை வெட்டியது. நஷ்டத்துக்கு ஓட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. வேறு நூறு பாதைகளில் லாபம் வந்தது.

இன்னொரு தந்திரம் இதைவிடப் பொல்லாதது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிகள் ஒரு சங்கம் வைத்திருந்தன. சரக்கு அனுப்பும் வியாபாரி கொடுத்த வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். ஆனால் உடனே தரமாட்டார்கள். குறிப்பிட்ட மாதங்கள் வரை வேறு கம்பெனிக் கப்பலில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் இருந்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். இடையில் ஒரு தடவை சிந்தியா கப்பலில் ஏற்றிவிட்டால் சேர்ந்திருந்த தொகை முழுவதும் போய்விடும். சம்பளத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு முதலாளியிடம் பேசினால் தரமாட்டேன் என்று சொல்வது போன்ற ஏற்பாடு இது. சட்டப்படி குற்றம் இல்லை. தேசாபிமானம் உள்ள வியாபாரிகூட தயங்கினார்.

சிந்தியாவை விலைக்கு வாங்கிவிடவும் இஞ்ச்கேப் பிரபு முயன்றார். அது நடக்கவில்லை. கடைசியில் 1923-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பத்து ஆண்டு காலத்துக்கு சிந்தியா கம்பெனி 75 ஆயிரம் டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தியா, பர்மா, இலங்கைக் கரைகளைத் தாண்டிப் போகக் கூடாது. லண்டனுக்குக் கப்பல் விட்டவர்கள் கரை ஓரமாகவே நிற்க வேண்டியதாயிற்று. கசப்பான மருந்துதான். ஆனால் கம்பெனி உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் தோன்றிய பல இந்தியக் கம்பெனிகளுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

1929-ல் மோட்டார் விபத்தில் நரோத்தம் மொரார்ஜி காலமானார். கம்பெனியின் தலைமை வால்சந்திடம் வந்தது. 1950 வரை அவரே தலைவர்.

சட்டசபையிலும் இந்தப் போராட்டம் நடந்தது. இந்தியக் கரையோர வாணிபம் இந்தியக் கப்பல்களுக்கே என்று கேட்கும் மசோதாவை 1928-ல் சாராபாய் ஹாஜி கொண்டுவந்தார். வெள்ளைக்கார வியாபார சங்கங்கள் கூச்சல் போட்டன. மசோதா சட்டம் ஆகவில்லை. சுதந்திரம் வந்த பிறகு, 1950-களின் தொடக்கத்தில்தான் அந்தக் கோரிக்கை நிறைவேறியது.

கப்பல் இருந்தால் போதுமா, ஓட்ட ஆள் வேண்டாமா? அடுப்பில் கரி அள்ளிப் போட, கயிறு இழுக்க இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் கேப்டன் வேலைக்கும் என்ஜினீயர் வேலைக்கும் வெள்ளைக்காரர்களே. சிந்தியா கப்பல்களிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். இடைவிடாமல் கேட்டதன் பலனாக 1927-ல் டப்ரின் என்ற பயிற்சிக் கப்பல் பம்பாய் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. அதில் படித்து வந்த பையன்கள் பிற்காலத்தில் கேப்டன்கள் ஆனார்கள்.

பின்னாளில் சிந்தியா பெரிதாக வளர்ந்தபோது, கொங்கண் கரையில் ஓடிய சிறு கம்பெனிகள் அதன் மீதே ஏகபோகப் புகார் சொன்னது உண்டு. பம்பாய் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியும் அதன் கைக்குள் வந்தது. அடி வாங்கியவன் அடிக்கவும் கற்றுக்கொள்வான் போலும்.

விசாகப்பட்டினம்

சிந்தியா கப்பல்களில் பெரும்பாலானவற்றின் பெயர்கள் ஜல என்றே தொடங்கும். ஜலபாலா, ஜலதூதா, ஜலதுர்கா என்று போகும். இதில் ஜலதுர்காவுக்குத் தனிப் பெருமை உண்டு.

மத்திய மாகாணத்தில் வெட்டி எடுத்த மாங்கனீசு தாதுவை வெளிநாட்டுக்கு அனுப்பப் பக்கத்தில் துறைமுகம் இல்லாமல் இருந்தது. அதற்காகவே ரெயில் பாதையும், விசாகப்பட்டினத்தில் புதுத் துறைமுகமும் போட்டார்கள். பெங்கால் நாக்பூர் ரெயில்வே அதில் முக்கியப் பங்கு வகித்தது. டால்பின் மூக்கு என்ற மலை காற்றைத் தடுக்கும். மணல் வந்து மூடாமல் இருக்க இரண்டு பழைய கப்பல்களை வாசலில் மூழ்கடித்து அணை ஆக்கினார்கள். 1933-ம் ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி அந்தத் துறைமுகத்தில் முதலில் நுழைந்த பெரிய கப்பல் ஜலதுர்கா. அப்போது விசாகப்பட்டினம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

எட்டு ஆண்டு கழித்து வால்சந்த் அதே ஊருக்குக் கப்பல் கட்டும் தளம் போட வந்தார்.

இந்தியா கப்பல் கட்டத் தெரியாத நாடு அல்ல. பம்பாய் டாக்யார்டில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கப்பல் கட்டிப் பிரிட்டிஷ் கடற்படைக்கே கொடுத்தார்கள். 1817-ல் அவர்கள் கட்டிய டிரிங்கோமலி என்ற கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. இரும்பும் நீராவியும் வந்ததும் அந்தத் தொழில் நசித்தது. நூறு ஆண்டு காலம் இந்தியன் கப்பல் வேண்டும் என்றால் சீமைக்குத்தான் எழுதிப் போட வேண்டும் என்ற நிலை.

வால்சந்த் முதலில் கல்கத்தாவில் இடம் கேட்டார். துறைமுக அதிகாரிகள் போதுமான இடம் கொடுக்கவில்லை. அதன்பிறகுதான் விசாகப்பட்டினம். 1941-ம் ஆண்டு ஜூன் 21-ந்தேதி ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. கப்பல்கள் கடலில் மூழ்கிக்கொண்டே இருந்தன, கப்பல் தேவை. அப்படி இருந்தும் இந்தியாவில் ஒரு இந்தியன் கட்டுவதற்கு டெல்லி சர்க்கார் ஊக்கம் காட்டவில்லை.

1942-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு போட்டன. ஊர் காலி ஆனது. கப்பல் தளத்துக்கு வந்து இறங்கிய எந்திரங்களைப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதோடு எல்லாம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். யுத்தம் கம்பெனியின் கப்பல்களையும் விழுங்கியது. 1944-ல் கல்கத்தாவில் இருந்து சிட்டகாங்குக்குப் போன எல் மதீனா என்ற கப்பலை ஜப்பான் நீர்மூழ்கி தாக்கியதில் 380 பேர் மாண்டார்கள்.

வால்சந்த் விடவில்லை. எந்திரங்கள் திரும்பி வந்தன. 1948-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி, சுதந்திரம் கிடைத்து ஏழு மாதம் ஆன நிலையில், பிரதமர் நேரு விசாகப்பட்டினத்துக்கு வந்து ஜலஉஷா என்ற கப்பலைக் கடலில் இறக்கினார். 8 ஆயிரம் டன் சரக்கு ஏற்றும் நீராவிக் கப்பல். இந்திய மண்ணில் கட்டிய முதல் நவீனப் பெருங்கப்பல் அது. உஷா என்றால் விடியல்.

விமானமும் மோட்டாரும்

கப்பலோடு அவர் நிற்கவில்லை. 1939-ல் பசிபிக் கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபோது வில்லியம் பாவ்லி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். அந்த அறிமுகத்தில் பிறந்தது பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. மைசூர் சமஸ்தானத்தின் கூட்டுறவோடு 1940 டிசம்பரில் கம்பெனி பதிவு ஆனது. 1942-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் அங்கே வேலை பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது.

1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். குர்லாவில் தொழிற்சாலை. பிற்காலத்தில் அங்கே தயாரான பத்மினி கார்தான் கருப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு மும்பை தெருக்களில் டாக்சியாக ஓடியது. 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளும் ஓய்வு பெற்றன. சர்க்கரை ஆலைகள், ராவல்காவ் மிட்டாய், வால்சந்த் நகர் என்ற ஊர் எல்லாம் தனிக் கதை.

கடைசி நாட்கள்

ஜலஉஷா கடலில் இறங்கிய மறு ஆண்டு வால்சந்தைப் பக்கவாதம் தாக்கியது. 1950-ல் பொறுப்புகளை விட்டு விலகினார். தம்பிகள் குலாப்சந்த், ரத்தன்சந்த், லால்சந்த் தொழில்களைப் பார்த்துக்கொண்டார்கள். மனைவி கஸ்தூர்பாய் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார்.

கப்பல் தளமும் கைமாறியது. சீமையில் கட்டுவதைவிட விசாகப்பட்டினத்தில் கட்ட அதிகம் செலவானது. ஒரு கம்பெனியால் தாங்க முடியாத நஷ்டம். 1952-ல் மூன்றில் இரண்டு பங்கை மத்திய சர்க்கார் வாங்கி இந்துஸ்தான் ஷிப்யார்டு என்று பெயர் சூட்டியது. 1961-ல் முழுவதும் சர்க்காருக்கு வந்தது. 2010-ல் ராணுவ அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. சிந்தியா கம்பெனியோ 1980-களில் கடனில் தத்தளித்து, பிறகு கப்பல் தொழிலில் இருந்தே மறைந்துவிட்டது. பல்லார்டு எஸ்டேட்டில் சிந்தியா ஹவுஸ் கட்டிடம் மட்டும் நிற்கிறது. நமது நாட்டின் வெளிநாட்டு வாணிபத்தில் எடைக்கணக்கில் 95 சதவீதம் கடல் வழியே நடக்கிறது. அதில் மிகப் பெரும்பங்கை ஏற்றிச் செல்வது இன்றும் அன்னியக் கப்பல்கள்தான்.

1953-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி, குஜராத்தில் உள்ள சித்பூரில் வால்சந்த் காலமானார். வயது 70.

விசாகப்பட்டினத்தில் கப்பல் தளத்துக்குப் போகும் டவுன் பஸ்களில் இன்றும் சிந்தியா என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அந்தப் பகுதிக்கே அதுதான் பெயர்.